எண்ணெய் குறையாத பம்பு: ஆவியை அமுக்கும்போது நேர்வது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு வெற்றிடப் பம்பின் எண்ணெய் மூன்று மாதங்களாகக் குறையவே இல்லை என்று பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால், அதை நல்ல செய்தியாகவே யாரும் எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பம்பின் சைட் கிளாஸில், அதாவது எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியில், எண்ணெய் குறையாமல் இருந்தது மட்டுமன்றி, மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியும் இருந்தது. வெற்றிடப் பம்பு எண்ணெயை உற்பத்தி செய்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கூடுதல் திரவம் எங்கிருந்து வந்தது என்று ஆகஸ்டு மாதம் வரை யாரும் கேட்கவில்லை.

தமிழகக் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையில் நான் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தபோது நடந்தது இது. அந்தப் பம்பு இணைந்திருந்த உலர்த்தியில் உலர்த்தும் நேரம் 14 மணி நேரத்திலிருந்து 21 மணி நேரமாக நீண்டதற்குக் காரணம் தேடி, கதவின் ரப்பரிலிருந்து குளிர்நீர் ஆலை வரை எல்லாவற்றையும் சந்தேகித்தோம். காரணம் பம்பின் வெளியேற்றப் பக்கத்தில் இருந்தது. வெற்றிடப் பம்பை நாம் "இழுக்கும்" கருவியாக நினைக்கிறோம், ஆகவே குறை வந்தால் இழுக்கும் பக்கத்திலேயே தேடுகிறோம். அது செய்யும் வேலையோ அமுக்குவது. உள்ளே வந்த வாயுவை வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் வெளியே தள்ளிவிட முடிந்தால்தான் அடுத்த சுற்றில் அதனால் இழுக்க முடியும்.

பொறியும் அதன் பணியும்

பம்பு ஒற்றைக் கட்ட, எண்ணெய் அடைப்புச் சுழல்தகட்டு வகை. பெயர்ப்பலகையில் மணிக்கு 100 கனமீட்டர் என்றும், இறுதி அழுத்தம் 0.5 மில்லிபார் என்றும் இருந்தது. மோட்டார் 2.2 கிலோவாட், எண்ணெய்க் கொள்ளளவு 2 லிட்டர். தட்டு உலர்த்தியிலிருந்து வரும் நீராவி முதலில் குளிர்நீரால் ஆவியைத் திரவமாக்கும் கண்டென்சருக்குள் போகும்; அங்கே திரவமாகாமல் மிஞ்சுவது பம்புக்கு வரும். கண்டென்சரை விட்டு வெளியேறும் வாயு ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸில் இருந்தது. அந்த வெப்பநிலையில் நீரின் தெவிட்டு ஆவியழுத்தம், அதாவது ஆவி திரவமாகத் தொடங்கும் அழுத்தம், 17 மில்லிபார். ஆகவே கண்டென்சர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், 17 மில்லிபாருக்குக் கீழே உலர்த்தியைக் கொண்டுபோக வேண்டுமானால் அதன் உதவி கிடைக்காது. அதற்குப் பிந்தைய ஆவி முழுவதையும் பம்புதான் விழுங்க வேண்டும்.

இந்த எல்லைக்கோடு இந்த ஆய்வின் மையம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு தொகுதியில் 110 கிலோ பொருள் உலர்ந்தது. தட்டுகளுக்கு 60 டிகிரி வெந்நீர். முதல் ஒன்பது மணி நேரத்தில் ஈரத்தின் பெரும்பகுதி கண்டென்சரில் நீராக இறங்கிவிடும். ஈரம் 2 விழுக்காட்டை எட்டியதும் கண்டென்சரின் அடியிலுள்ள நீர்த்தொட்டியை வால்வால் பிரித்துவிட்டு, பம்பை நேராக உலர்த்தியுடன் இணைப்பார்கள். அங்கிருந்து 0.5 விழுக்காடு வரை போவதுதான் கடைசிக் கட்டம். எடை என்று பார்த்தால் அதில் வெளியேற வேண்டியது ஏறக்குறைய 1.65 கிலோ நீர் மட்டுமே. பழைய பதிவுகளில் இந்தக் கட்டத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. ஜூலையில் அதுவே பன்னிரண்டு மணி நேரமாகியிருந்தது. முதல் ஒன்பது மணி நேரம் மாறவே இல்லை.

மொத்த நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் இந்தத் துப்பை நாங்கள் தவறவிட்டோம். காற்றுக் கசிவாக இருந்தால் முதல் கட்டமும் கெட்டிருக்க வேண்டும், ஏனெனில் கசிந்த காற்று கண்டென்சர் குழாய்களின் மேல் போர்வைபோல் படிந்து ஆவி குளிர்வதையே தடுக்கும். முதல் கட்டம் பழுதில்லாமல் ஓடியது என்பதே குற்றம் கசிவின்மேல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மே மாதத்தில் நடந்தது

கத்திரி வெயில் நாட்களில் அந்தப் பம்பின் மோட்டார் இரண்டு முறை, சுமை மிகும்போது மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயால் நின்றுபோனது. இரு முறையும் தொகுதி தொடங்கிய முதல் சில நிமிடங்களுக்குள். பம்பின் உடலில் கைவைக்க முடியவில்லை. எண்ணெய் 75 டிகிரியைத் தொட்டிருந்தது. "சூடு தாங்காமத்தான் சார் நிக்குது" என்று இரவுப் பணியிலிருந்த ஆபரேட்டர் சொன்னார். அந்த வெயிலில் அதை மறுக்க எனக்கும் காரணம் தோன்றவில்லை. பெரிய மேன்கூலர் விசிறி ஒன்று பம்பை நோக்கி நிறுத்தப்பட்டது. அத்தோடு விடாமல், யாரோ ஒருவர் நனைத்த கோணிச் சாக்கையும் பம்பின் முதுகில் போர்த்தினார். அதன்பிறகு மோட்டார் நிற்கவில்லை. எண்ணெய் 45 டிகிரிக்கு இறங்கியது. எல்லோருக்கும் நிம்மதி.

சாக்கு காய்ந்தால் மீண்டும் நனைப்பது ஷிப்டு வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. ஒரு பொறி தன் பணிக்கு வேண்டிய வெப்பத்தில் இருக்கும்போது அதை நோயாகக் கருதி வைத்தியம் பார்த்தோம் என்பது பின்னால்தான் புரிந்தது.

பொய் சொன்ன கருவி

ஜூன் இறுதியில் உலர்த்தும் நேரம் நீண்டது. உலர்த்தியின் முகப்பிலிருந்த டயல் கேஜ் 740 எம்எம் என்று எப்போதும்போல் காட்டியது. அத்தகைய கேஜின் முள் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டே நகர்கிறது. 5 மில்லிபாரையும் 15 மில்லிபாரையும் அதில் பிரித்துப் பார்ப்பது கண்ணுக்கும் முள்ளின் தடிமனுக்கும் இடையிலான வழக்கு. ஆகவே அதைக் குறைசொல்ல மாட்டேன்.

பம்பைச் சோதிக்க வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பர் பாதரச மெக்லியாடு கேஜ் கொண்டுவந்திருந்தார். பம்பின் உள்வாயிலை அடைத்து, கேஜைச் சாய்த்து, 1.5 டார் என்று படித்தார். அதாவது ஏறத்தாழ 2 மில்லிபார். "பழைய பம்புக்கு இது போதும் சார், பிரச்சினை உங்க டிரையர்லதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளை நம்பி நாங்கள் கதவின் ரப்பரை மாற்றினோம், பார்வைக் கண்ணாடிகளின் கேஸ்கெட்டுகளை மாற்றினோம், ஃபிளாஞ்சு ஃபிளாஞ்சாக சோப்பு நுரை தடவினோம். நான்கு வாரங்கள் போயின.

அவர் நேர்மையாகத்தான் படித்தார். கருவிதான் தவறாகச் சொன்னது. 1874-இல் வேதியியலாளர் மெக்லியாடு வடிவமைத்த அந்தக் கேஜ், பெரிய கொள்ளளவில் உள்ள மெல்லிய வாயுவைப் பாதரசத்தால் ஒரு நுண்குழாய்க்குள் அமுக்கி, பல மடங்கு பெருகிய அழுத்தத்தைப் படித்து, கொள்ளளவு குறையும் அதே விகிதத்தில் அழுத்தம் கூடும் என்ற பாயிலின் விதியைக் கொண்டு பழைய அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. பாயிலின் விதி, அமுக்கப்படுவது வாயுவாகவே இருக்கும்வரைதான் செல்லும். நீராவியை அறை வெப்பநிலையில் அமுக்கினால், 30 டிகிரியில் அது 42 மில்லிபாரை எட்டியதும் அதற்குமேல் அழுத்தம் ஏறாமல் திரவமாகத் தொடங்கிவிடும். நுண்குழாயின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகப் படிந்துவிட்ட ஆவியைக் கேஜ் எண்ணுவதில்லை. அது முக்கியமாக எண்ணியது காற்றை மட்டுமே.

ஆகஸ்டில் இன்னொரு பிரிவிலிருந்து கெப்பாசிடன்ஸ் மானோமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கினோம். அது மெல்லிய தகட்டின் வளைவை அளக்கிறது. தகட்டின்மேல் மோதுவது காற்றா நீராவியா என்று அதற்குக் கவலையில்லை. அதே பம்பு, அதே அடைத்த உள்வாயில். 12 மில்லிபார் என்று காட்டியது. ஆறு மடங்கு வித்தியாசம். இரு கருவிகளையும் ஒரே இணைப்பில் அருகருகே வைத்துப் பார்த்தோம். மெக்லியாடு அப்போதும் 1.5 டார் என்றே சாதித்தது.

அந்த மாலைதான் விசாரணை திசை திரும்பியது. உண்மையான அழுத்தம் 12, காற்றின் பங்கு அதில் மிகச் சிறியது என்றால், மீதியெல்லாம் ஆவி. உள்வாயில் அடைக்கப்பட்டிருக்கும்போது அந்த ஆவி பம்பின் உள்ளிருந்துதான் வர முடியும். காலியான உலர்ந்த உலர்த்தியை மூடிவைத்து அதே மானோமீட்டரால் பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் 2 மில்லிபார் மட்டுமே ஏறியது. கசிவு வழக்கு அத்துடன் முடிந்தது. பம்பின் வடிகால் திருகைத் திறந்தோம். பால் அதிகம் விட்ட டீயின் நிறத்தில் வந்தது எண்ணெய். 2 லிட்டர் ஊற்றிய இடத்திலிருந்து 2.3 லிட்டர் இறங்கியது. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு இரவு வைத்திருந்ததில் அடியில் தெளிந்த நீர் தனியாக நின்றது.

அறைக்குள் ஆவிக்கு நேர்வது

சுழல்தகட்டுப் பம்பின் உள்ளே பிறைவடிவ அறை ஒன்று உள்வாயிலில் விரிந்து, மூடப்பட்டு, சுற்றிவரும்போது சுருங்கி, வெளிவால்வின் அருகே முடிகிறது. வால்வின் ஸ்பிரிங்கையும் அதன்மேல் நிற்கும் எண்ணெயையும் தள்ளித் திறக்க உள்ளே ஏறத்தாழ 1100 மில்லிபார் வேண்டும். 17 மில்லிபாரில் வந்த வாயு அந்த அழுத்தத்தை எட்ட, அதன் கொள்ளளவு 65-இல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். காற்றுக்கு இது சிரமமில்லை.

வந்தது முழுக்க நீராவி என்று வைத்துக்கொள்வோம். பம்பு 70 டிகிரியில் இருந்தால், அந்த வெப்பநிலையில் நீரின் தெவிட்டு ஆவியழுத்தம் 312 மில்லிபார். கொள்ளளவு 18-இல் ஒரு பங்கானபோதே ஆவி அந்த அழுத்தத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு அமுக்கினாலும் அழுத்தம் 312-ஐத் தாண்டாது. ஆவி திரவமாகிக்கொண்டே போகும், வால்வு திறக்காது. பம்பு 45 டிகிரியில் இருந்தாலோ நிலைமை இன்னும் மோசம்: 96 மில்லிபாரிலேயே, அதாவது ஆறில் ஒரு பங்குக்குச் சுருங்கும் முன்பே, திரவமாவது தொடங்கிவிடும்.

அந்த நீர் எண்ணெயோடு கலந்து, தகடுகளோடு சுற்றி, மீண்டும் உள்வாயில் பக்கத்துக்கு வருகிறது. அங்கே அழுத்தம் குறைவு. எண்ணெய் 45 டிகிரி சூடு. நீர் உடனே மறுபடி ஆவியாகி, புதிதாக வரவேண்டிய ஆவிக்கான இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அடுத்த அரைச்சுற்றில் அது மீண்டும் அமுக்கப்பட்டு, மீண்டும் திரவமாகிறது. செக்குமாடு போல் ஒரே நீரைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கிறது பம்பு. மோட்டார் ஓடுகிறது, சத்தம் வருகிறது, மின்சாரம் செலவாகிறது; வெளியே போவது மட்டும் மிகக் குறைவு. எண்ணெய்த் தொட்டி நிரம்பி வழியாமல் 300 மில்லிலிட்டர் நீரோடு நின்றுவிட்டதற்கும் இதுவே காரணம்: தன்னால் தள்ள முடிந்த அளவுக்கு மேல் பம்பு உள்ளே எடுத்துக்கொள்வதையே நிறுத்திவிட்டது.

இதற்கு மருந்து கண்டவர் ஜெர்மன் இயற்பியலாளர் வோல்ஃப்காங் கேடே. 1935-இல் அவர் சொன்ன வழி, முதன்முதலில் கேட்பவருக்கு வேடிக்கையாகவே தோன்றும்: வெற்றிடம் உண்டாக்கும் பம்புக்குள் வேண்டுமென்றே வெளிக்காற்றை விடுவது. உள்வாயில் மூடப்பட்ட பிறகு, அமுக்கம் தொடங்கும் வேளையில், சிறு துளை வழியாக அளந்த காற்று அறைக்குள் நுழைகிறது. ஆவியின் பகுதி அழுத்தம் தெவிட்டும் முன்பே காற்றும் ஆவியும் சேர்ந்து 1100 மில்லிபாரை எட்டி வால்வைத் திறந்துவிடுகின்றன. இதுதான் கேஸ் பேலஸ்ட். அதனால் இறுதி வெற்றிடம் சற்றுக் கெடும். ஆவியோ ஆவியாகவே வெளியேறிவிடும்.

எங்கள் பம்பில் பேலஸ்ட் காற்றின் அளவு பம்பின் கொள்திறனில் பத்தில் ஒரு பங்கு. இனிக் கணக்கு எளிது. வெளியேற்றும் கலவையில் நீரின் பங்கு, பம்பின் வெப்பநிலைக்குரிய தெவிட்டு அழுத்தத்தை வெளியேற்ற அழுத்தத்தால் வகுத்த விகிதத்தைத் தாண்டக் கூடாது. 70 டிகிரியில் அந்த விகிதம் 28 விழுக்காடு. பேலஸ்டாக நுழையும் காற்றும் உலர்ந்த காற்றன்று: 32 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள கடற்கரை இரவில் அதிலேயே 36 மில்லிபார் நீராவி இருக்கிறது. இதையும் கழித்துக்கொண்டு பார்த்தால், 70 டிகிரியில் இந்தப் பம்பு 35 மில்லிபார் வரை தூய நீராவியை உள்ளே திரவமாகவிடாமல் கையாளும். எங்கள் சுமை 17. இரு மடங்கு இடம் இருந்தது.

அதே கணக்கை 45 டிகிரிக்குப் போட்டேன். 5.7 மில்லிபார் வந்தது.

சாக்கின் விலை இந்த எண்களுக்கு இடையில் தெரிகிறது. உலர்ந்த குளிர்நாட்டில், வெளிக்காற்றில் 13 மில்லிபார் ஈரமே இருக்கும் இடத்தில், இதே குளிர்ந்த பம்பு 8 மில்லிபாருக்கு மேல் தாங்கியிருக்கும். நம் கடற்கரைக் காற்றில், குளிர்ந்த பம்புக்குள் விடும் பேலஸ்டே தன் வேலையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தன் ஈரத்தைச் சுமக்கவே செலவழிக்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்படும் பயன்பாட்டுக் கையேடுகள் பேலஸ்டைத் திறந்துவிட்டால் போதும் என்ற தொனியில் இருப்பதில் வியப்பில்லை. இங்கே பம்பின் சூடும் சேர்ந்தால்தான் போதும்.

மோட்டார் ஏன் நின்றது

இதுவரை சொன்னது சாக்கின் கதை. சாக்கு வந்ததற்குக் காரணமான மோட்டார் நிறுத்தத்தின் கதை தனியாக இருந்தது. அதுவும் அமுக்கத்தைப் பற்றியதே.

வெற்றிடப் பம்பின் மோட்டாருக்கு எப்போது அதிகச் சுமை? ஆழ்ந்த வெற்றிடத்தில் என்றுதான் பலரும் சொல்வார்கள். வெப்பநிலை மாறாத அமுக்கத்துக்கான கணக்கு வேறு சொல்கிறது. 1 மில்லிபாரிலிருந்து வாயுவைத் தள்ள ஆயிரம் மடங்கு அமுக்க வேண்டும் என்றாலும், தள்ள வேண்டிய வாயுவே மிகக் கொஞ்சம்: மணிக்கு 100 கனமீட்டர் பம்புக்கு 20 வாட் போதும். வளிமண்டல அழுத்தத்திலோ வாயு நிறைய, அமுக்க வேண்டியது கொஞ்சம். இரண்டுக்கும் நடுவில், வெளியேற்ற அழுத்தத்தை 2.718-ஆல் வகுத்தால் வரும் இடத்தில், சுமை உச்சத்தைத் தொடுகிறது. 1100 மில்லிபாரில் வெளியேற்றினால் உள்வாயில் அழுத்தம் 405 மில்லிபாரைக் கடக்கும்போது அந்த உச்சம், அளவு 1.12 கிலோவாட். தகடுகளின் உராய்வு இதன்மேல் வரும்.

மோட்டார் நின்ற இரு முறையும் தொகுதியின் முதல் சில நிமிடங்களில் என்று குறிப்பேடு சொன்னது இதனால்தான் முக்கியமாகிறது. உலர்த்தி காலியாகும்போது பம்பு அந்த உச்சத்தைக் கடந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் கடந்துவிடும் மேட்டை அன்று ஏன் கடக்கவில்லை என்று பார்க்க, வெளியேறும் காற்றிலுள்ள எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கும் எண்ணெய்ப் பனி வடிகட்டிக்கு முன்னால் ஒரு சிறு அழுத்தமானியைப் பொருத்தினோம். பம்பு காற்றை முழுவீச்சில் தள்ளும்போது 250 மில்லிபார் எதிரழுத்தம் இருந்தது. வடிகட்டி இழை எண்ணெய்ப் பிசினால் இறுகிப் போயிருந்தது. போதாக்குறைக்கு, மொட்டைமாடி வரை ஏற்றிய வெளியேற்றக் குழாயில் வடிதொட்டி கிடையாது; குழாயில் குளிர்ந்த நீர் சொட்டுச் சொட்டாகப் பம்புக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

வெளியேற்ற அழுத்தம் 1350 ஆனால் சுமையின் உச்சம் 1.38 கிலோவாட். ஏறத்தாழ கால்பங்கு கூடுதல். கோடை மின்னழுத்தக் குறைவும் சேர்ந்துகொள்ள, ரிலே தன் வேலையைச் செய்தது. விசிறி வைத்த பிறகு மோட்டார் நிற்கவில்லை என்றேன். விசிறியின் காற்று மோட்டார்மேலும் பட்டது. அதே வாரத்தில் ரிலேயின் அமைப்பும் சற்று உயர்த்தப்பட்டிருந்தது என்று மின்பிரிவின் பதிவில் பிறகு கண்டேன். பம்பின் உடலைக் குளிரவைத்ததற்கும் மோட்டார் ஓடியதற்கும் தொடர்பே இல்லாமல் இருந்திருக்கலாம்.

எதிரழுத்தம் கடைசிக் கட்டத்திலும் அதே அளவில் இருந்ததாகக் கொண்டால், அது ஆவியின் கணக்கையும் கெடுத்தது. 70 டிகிரியிலேயே இருந்திருந்தால்கூடத் தாங்குதிறன் 35-இலிருந்து 26 ஆகக் குறைந்திருக்கும், சமாளித்திருக்கலாம். 45 டிகிரியில் அது 3.9. பேலஸ்ட் குமிழைத் தொட்டுப் பார்த்தபோது பாதி மூடியிருந்தது. யார் மூடினார்கள், எப்போது என்று எந்தப் பதிவும் இல்லை, எண்ணெய்ப் புகை வருகிறது என்று யாரோ திருகியிருக்கக்கூடும். அத்தோடு தாங்குதிறன் 2 மில்லிபாருக்கு இறங்கியது.

2 மில்லிபார் நீராவியை மணிக்கு 100 கனமீட்டர் வீதம் தள்ளினால் மணிக்கு 145 கிராம் நீர் வெளியேறும். கடைசிக் கட்டத்தில் போகவேண்டிய 1.65 கிலோவை அதனால் வகுத்தால் பதினொன்றரை மணி நேரம் வருகிறது. பதிவேட்டில் இருந்தது பன்னிரண்டு. இவ்வளவு நெருங்கிப் பொருந்துவதில் தற்செயலுக்கும் பங்குண்டு, ஏனெனில் பொருளின் உள்ளிருந்து ஈரம் மேலே வரும் வேகத்தை இந்தக் கணக்கு கண்டுகொள்ளவே இல்லை. என்றாலும் காரணத்தைச் சரியாகப் பிடித்தோம் என்று நிர்வாகத்தை நம்பவைத்தது இந்த ஒரு வரிதான்.

வேண்டாம் என்று நிறுத்திய இரண்டு யோசனைகள்

விசாரணை நடுவே, பம்பின் முன்னால் மணிக்கு 500 கனமீட்டர் ரூட்ஸ் பூஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்ற யோசனை விலைப்பட்டியலோடு வந்தது. பூஸ்டரும் ஓர் அமுக்கிதான். உலர்த்தியில் 5 மில்லிபாரில் எடுத்த ஆவியை அது பின்னாலிருக்கும் பம்புக்கு 25 மில்லிபாராக அமுக்கிக் கொடுக்கும். சூடான, பேலஸ்ட் திறந்த பம்பு என்றால் அதை ஏற்றுக்கொள்ளும். அன்றிருந்த பம்புக்கோ, இரண்டைத் தாங்காதவனின் தலையில் இருபத்தைந்தை ஏற்றுவதாகியிருக்கும். பூஸ்டர் வாங்கியிருந்தால் பணமும் போய், பழியும் புதிய பொறியின்மேல் விழுந்திருக்கும்.

எண்ணெயே இல்லாத உலர் ஸ்குரூ பம்புக்கு மாறலாம் என்பது இரண்டாவது. அது நல்ல பொறி. அதன் உட்பகுதி எண்ணெய்ப் பம்பைவிட மிகுந்த சூட்டில் ஓடுவதால் ஆவி எளிதில் திரவமாகாது. அதன் மேலுறை நீரை அளவுக்கு மீறிக் குளிரவைத்தால் அங்கும் இதே கதைதான் என்பதைச் சொல்லி, அந்த முடிவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தோம்.

செய்ததும் அளந்ததும்

வடிகட்டி இழை மாற்றப்பட்டது. வெளியேற்றக் குழாயின் அடியில் வடிதொட்டியும் வடிகால் வால்வும் வைத்தோம். எண்ணெயை இரண்டு முறை ஊற்றி ஓட்டி வடித்து, மூன்றாம் முறை ஊற்றியதை வைத்துக்கொண்டோம். சாக்கு போனது, விசிறி மோட்டாரை மட்டும் பார்த்து நிற்கும்படி திருப்பப்பட்டது. பேலஸ்ட் முழுதும் திறந்த நிலையில் குமிழின்மேல் வண்ணக்கோடு போட்டோம். இங்கே ஓர் எச்சரிக்கை: எங்கள் பொருள் நீரில் மட்டுமே கழுவப்பட்டது. எரியக்கூடிய கரைப்பான் ஆவி வரும் இடத்தில் வெளிக்காற்றைப் பேலஸ்டாக விடுவது தீயை அழைப்பது; அங்கே நைட்ரஜன்தான் விட வேண்டும்.

இவற்றைவிடப் பயன் தந்தது ஒரு வழக்க மாற்றம். தொகுதி தொடங்குவதற்கு முன் உள்வாயில் வால்வை மூடி, பேலஸ்டைத் திறந்து, எண்ணெய் 65 டிகிரியைத் தாண்டும்வரை பம்பைத் தனியே ஓட்ட வேண்டும். முடிந்த பிறகும் அதேபோல் முக்கால் மணி நேரம் ஓட்டினால் எண்ணெயில் கரைந்த நீர் கொதித்து வெளியேறிவிடும். "சும்மா ஓடுறதுக்கு கரண்ட் வேஸ்ட்தானே சார்" என்றார் ஒரு ஆபரேட்டர். பாட்டிலின் அடியில் தனியே நின்ற நீரைக் காட்டினேன்; அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை.

உள்வாயிலை அடைத்துப் பார்த்தபோது மானோமீட்டர் பேலஸ்டுடன் 0.9, பேலஸ்டை மூடினால் 0.6 மில்லிபார் காட்டியது. பெயர்ப்பலகையின் 0.5 திரும்பவில்லை. பிரித்துப் பார்த்ததில் வெளிவால்வின் தகட்டில் துருப்புள்ளிகளும், ரோட்டார் தகடுகளின் ஓரத்தில் ஊறிய வீக்கமும் இருந்தன. மூன்று மாத நீர் விட்டுச்சென்ற தடம் அது. வால்வை மாற்றினோம், தகடுகளை அடுத்த பெரிய பராமரிப்பு வரை விட்டுவைத்தோம். கடைசிக் கட்டம் ஐந்தரை மணி நேரத்துக்கு வந்தது, மொத்தம் பதினான்கரை. மெக்லியாடு கேஜை இப்போது உலர்ந்த காற்றுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

அக்டோபரில் ஒரு நள்ளிரவு மின்தடை. மின்சாரம் திரும்பியதும், தாமதத்தை ஈடுகட்ட, குளிர்ந்துபோன பம்பைச் சூடேற்றும் ஓட்டமின்றி நேராகக் கடைசிக் கட்டத்தில் இணைத்துவிட்டார்கள். காலையில் நான் போனபோது சைட் கிளாஸ் மங்கலாக இருந்தது, எண்ணெய் மட்டம் கோட்டுக்குச் சற்று மேலே. உள்வாயிலை மூடி, பேலஸ்டைத் திறந்து ஓடவிட்டோம். எண்ணெய் 70 டிகிரியைத் தொட்டபின் வெளியேற்றக் குழாயின் வடிதொட்டியில் நீர் சேரத் தொடங்கியது. இரண்டு மணி நேரத்தில் கண்ணாடி தெளிந்து, மட்டம் கோட்டுக்கு இறங்கியது. வடிதொட்டியிலிருந்து ஒரு டம்ளர் நீர் எடுத்தோம்.